நடுவானில் என்ஜின் நின்றது!

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது சுலபம். "லீவு நாளில் என்ன செய்வார்?" என்று கேட்டால்தான் எனக்குச் சங்கடம். சில வீட்டுக்காரர்கள் சீட்டு ஆடுவார்கள். சிலர் தோட்டம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் கார் ஷெட்டில் உட்கார்ந்து விமானம் கட்டினார்!

பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிஜமாகவே பறக்கக்கூடிய அலுமினிய விமானம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். இந்த ஊரில் இப்படி வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நாடு முழுவதும் இப்படிக் கட்டியவை 30,000-க்கும் மேல் இருக்கின்றன. ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை. என் அம்மாவும் நம்பவில்லை. "மாப்பிள்ளைக்கு ஏதாவது மனசுல கஷ்டமா?" என்றுதான் ரகசியமாகக் கேட்டாள்.

வீட்டில் விமானம் கட்டலாமா?

யோசித்துப் பார்த்தால், உலகத்தின் முதல் விமானமே வீட்டுத் தயாரிப்புதானே! சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ல் பறந்த விமானத்தின் இறக்கைக்கு, துணிக்கடையில் கிடைக்கும் மஸ்லின் துணியைத்தான் தைத்துப் போர்த்தியிருந்தார்கள்.

இன்று அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தொழில்முறையில் அல்லாமல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தவர், அதை 'சோதனை விமானம்' என்று பதிவு செய்துகொள்ளலாம். அரசின் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி தருவார். அப்புறமும் உடனே பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. எங்கள் விமானத்துக்கு 40 மணி நேரம் அவர் தனியாக, குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். அது முடிந்த பிறகுதான் அடுத்த ஆசனத்தில் ஆள் உட்காரலாம்.

அந்த ஆசனத்துக்கு நேர் எதிரே ஒரு சிறு தகடு இருக்கும். 'பயணிக்கு எச்சரிக்கை: இந்த விமானம் பொழுதுபோக்காளர் கட்டியது. சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல' என்பது அதன் பொருள். சட்டப்படி அது அங்கே இருந்தே ஆகவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் யாராவது இப்படி அச்சடிப்பார்களா, சொல்லுங்கள்!

2012-ல் ஆரம்பித்த வேலை 2018-ல்தான் முடிந்தது. ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகள். வெளியிலிருந்து ஒருவர் அடித்தால், உள்ளிருந்து ஒருவர் இரும்புக் கட்டியை அணைகொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்தான். மகள் பிறப்பதற்கு முன்பு பாதி ராத்திரிகள் இப்படித்தான் போயின. எந்தத் தகட்டுக்குப் பின்னால் எந்தக் கம்பி ஓடுகிறது என்று என் சமையலறை அலமாரியைப் போல எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அதில் ஏறும்போது எனக்குப் பயம் வந்ததில்லை.

"ரெண்டே ரெண்டு வேலை"

2019 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறு. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மூன்று வயது மகளை அவளிடம் விட்டுவிட்டு, 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு குட்டி விமானதளத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டிக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். இவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால் ஐந்து வாரமாக விமானம் கொட்டகையிலேயே நின்றிருந்தது. வழக்கம் போல ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரம் முதல் வால் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெட்ரோல் டாங்க்கை நிரப்பினார். டாங்க்குக்குக் காற்றுப் போகும் சின்னக் குழாய் ஒன்று விமானத்தின் வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கும், பென்சில் கனம்தான். குனிந்து அதன் வாயையும் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சொல்வதை அன்றைக்கும் சொன்னார். "என்ஜின் நின்னா உனக்கு ரெண்டே ரெண்டு வேலை. பெல்ட்டை இறுக்கு. நான் சொல்லும்போது மேல் மூடியின் தாழ்ப்பாளைத் திற. மத்தபடி பேசாதே." நான் சிரித்துக்கொண்டே, "பேசாம இருக்கிறதுதான் கஷ்டமான வேலை" என்றேன்.

கிளம்பி இருபது நிமிஷம் இருக்கும். தரையிலிருந்து 3,000 அடி உயரம். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. திடீரென்று என்ஜின் ஒரு தடவை இருமியது. மறுபடி ஓடியது. மறுபடி இருமியது. பிறகு அந்தப் பெரிய இரைச்சல் அடங்கி, காற்று 'விஷ்ஷ்' என்று கண்ணாடி மேல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

நின்றால் விழுமா?

இந்த இடத்தில் எல்லாரும் என்னைக் கேட்கும் கேள்வி: "உடனே கல்லு மாதிரி விழுந்திருக்குமே?"

இல்லை. என்ஜின் விமானத்தை முன்னுக்கு இழுக்கிறதே தவிர, தூக்கி நிறுத்துவது இறக்கைதான். இறக்கையின் மேல் போதிய வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை விமானம் விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், மேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் சைக்கிளில் இறங்குவது போலச் சறுக்கிக்கொண்டே போகும். எங்கள் விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 மீட்டர் முன்னால் போகும். 3,000 அடியிலிருந்து என்றால் சுமார் 8 கிலோமீட்டர். நேரக் கணக்கில் நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல்.

பெரிய விமானங்களும் அப்படித்தான். 1983 ஜூலையில் கனடாவில், எரிபொருள் அளவை கிலோவுக்குப் பதிலாகப் பவுண்டில் கணக்குப் போட்டதால் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன ஒரு போயிங் 767, சறுக்கியே வந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியது. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜினும் செயலிழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கி, 155 பேரும் பிழைத்தார்கள்.

அப்படியானால் ஆளைக் கொல்வது எது? 'இன்னும் கொஞ்சம் எட்டிவிடலாம்' என்ற ஆசை. தூரத்தில் விமானதளம் தெரிகிறதே என்று மூக்கை மேலே தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. அப்போதுதான் நிஜமாகவே கல்லைப் போல விழும். கிடைத்த இடத்தில், ஆனால் நம் கட்டுப்பாட்டில் இறங்குவதுதான் உயிர் காக்கும் வழி.

அந்த நாலு நிமிடம்

இவர் முதலில் செய்தது மூக்கைத் தாழ்த்தியதுதான். வேகம் மணிக்கு 70 மைலில் நின்றது. அப்புறம் எரிபொருள் குழாய், சூடான காற்றுத் திருகு, தீப்பொறிச் சாவி என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். என்ஜின் ஒரு விநாடி உயிர் வந்து நம்பிக்கை காட்டிவிட்டு மறுபடி அடங்கியது. ரேடியோவில் மூன்று முறை 'மேடே' சொன்னார். ரேஷன் கடையில் கார்டு எண் சொல்வது போல அவ்வளவு நிதானமாக இடத்தையும் உயரத்தையும் சொன்னார்.

கீழே மூன்று விதமான நிலம் தெரிந்தது. மக்காச்சோளம் ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். சக்கரம் சிக்கி விமானம் குப்புறக் கவிழலாம். சோயா அதைவிட மேல். அதற்கும் அப்பால் வெளிர்ப் பச்சையில் ஒரு பட்டை. மாட்டுத் தீவனப் புல்லை அறுத்து எடுத்துப்போன வயல். "அங்கே" என்றார். ஒரே வார்த்தை.

என் மனசு எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். கடவுளைக் கூப்பிட்டேனா? கூப்பிட்டிருப்பேன். ஆனால் தெளிவாக நினைவிருப்பது இதுதான்: கிளம்பும்போது மகள், "எனக்கும் தோசை வேணும், வரும்போது எடுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தாள். அந்த ஊரில் தோசை கிடைக்காது, அப்பம் மாதிரி ஒன்றுதான் கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று திரும்பத் திரும்ப ஓடியது. உயிர் போகிற நேரத்தில் மனசு இப்படித்தான் ஏதாவது சில்லறை விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

"கம்பம் தெரியுதா பாரு" என்றார் இவர். மேலிருந்து மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்கள்தான் தெரியும். சாலை ஓரமாக வரிசையாக நின்றன. "இடது பக்கம்" என்றேன். பெல்ட்டை இறுக்கினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். "மூடியைத் திற" என்றார், தாழ்ப்பாளை விடுவித்தேன். மோதி நசுங்கினால் மூடி திறக்க வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்வோம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஸ்வெட்டரைச் சுருட்டி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். இவர் எரிபொருளையும் மின்சாரத்தையும் மூடினார், தீப்பிடிக்காமல் இருக்க.

கம்பிகளைத் தாண்டினோம். தரை வேகமாக மேலே வந்தது. ஒரு இடி, ஒரு துள்ளல், மறுபடி ஒரு இடி. மூக்குச் சக்கரம் முறிந்து, விசிறி மண்ணைக் கிளறி, புழுதிக்குள் நின்றோம். வேலிக்கு இருபது அடி பாக்கி. "இறங்கு, ஓடு!" என்றார். ஓடினேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு வண்டி வந்தது. நிலத்துக்காரரின் மனைவி, எழுபது வயதிருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நடக்க முடியுதில்ல? அப்ப முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்" என்கிற பொருளில் ஏதோ சொல்லி ஒரு பெரிய குடுவையை நீட்டினார். எந்த ஊரானால் என்ன, வீட்டுப் பெண்மணி வீட்டுப் பெண்மணிதான்!

எமனாக வந்த குளவி

வண்டி வருவதற்கு முன்பே காரணம் பாதி தெரிந்துவிட்டது. பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்க இவர் டாங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்...' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. டாங்க்கில் பெட்ரோல் தாராளமாக இருந்தது. ஆனால் என்ஜினுக்குப் போகவில்லை.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் என்ன ஆகும்? முதலில் கொஞ்சம் வரும். அப்புறம் சொட்டுச் சொட்டாகி நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டு, காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். விமானத்தில் அந்த இரண்டாவது ஓட்டைதான் நான் சொன்ன பென்சில் கனக் குழாய். அதன் வாய் சுத்தமாக இருந்தது. உள்ளே, வளைவு தாண்டி, ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது! கம்பி விட்டு எடுத்தபோது உலர்ந்த மண்ணோடு, குஞ்சுக்கு இரையாகச் சேர்த்து வைத்திருந்த சிலந்திகளும் வந்தன. அதுவும் ஒரு தாய்தானே, தன் பிள்ளைக்குப் பண்ணி வைத்தது!

"வீட்டுல குளவி கூடு கட்டினா குழந்தை பொறக்கும்னு சொல்லுவாங்க. இது பெத்தவங்களையே கொண்டுபோகப் பாத்துச்சே!" என்று அம்மா புலம்பினாள்.

குளவியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1996 பிப்ரவரி 6-ல் டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகத்தைக் காட்டும் குழாய் அடைபட்டு, விமானிகளுக்குத் தவறான வேகம் காட்டியதுதான் விபத்தின் தொடக்கம். உறை போடாமல் சில நாட்கள் நின்றிருந்த அந்தக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதுதான் விசாரித்தவர்களின் சந்தேகம்.

கைக்கு எட்டாத திருகு

வீட்டில் கட்டிய விமானம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12-ல், கலிபோர்னியாவில், தாம் புதிதாக வாங்கிய, வேறொருவர் கட்டிய விமானத்தில் தனியாகப் பறந்தபோது கடலில் விழுந்து இறந்தார். வயது 53. ஒரு டாங்க்கிலிருந்து மற்ற டாங்க்குக்கு மாற்றும் திருகு, அந்த விமானத்தில் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. எட்டித் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது காலால் மிதியை அழுத்தி, விமானம் கட்டுப்பாடு இழந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். கிளம்புமுன் எரிபொருளைச் சரியாகத் திட்டமிடாததையும், திருகிலும் அளவுகாட்டியிலும் குறியீடு இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

2012-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்வகை விமானங்களைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தது. என்ஜின் கோளாறும் கட்டுப்பாடு இழப்புமே விபத்துகளில் முதன்மையானவை என்றும், புதிதாகக் கட்டிய விமானத்தின் ஆரம்பப் பறப்புகளிலும், ஒருவர் கட்டியதை இன்னொருவர் வாங்கி முதன்முதலாகப் பறக்கும்போதும் ஆபத்து கூடுதல் என்றும் கண்டது. அடுத்தவர் சமையலறையில் உப்பு டப்பா எது, சோடா உப்பு டப்பா எது என்று தெரியாமல் சமைப்பது போலத்தான்!

உடம்புக்கும் மனசுக்கும்

அன்றைக்கு எனக்குக் காயம் என்று எதுவும் இல்லை. தோளிலும் இடுப்பிலும் பெல்ட் பதிந்த சிவப்பு மட்டும்தான். ஆனாலும் டாக்டரிடம் போனோம். பெல்ட் இறுக்கிய வேகத்தில் வயிற்றுக்குள் அடிபட்டிருந்தால் உடனே வெளியே தெரியாது என்றார். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். காரோ ஆட்டோவோ, லேசான மோதல்தானே என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும்.

மனசுதான் மெதுவாகத் தேறியது. ராத்திரி ஃப்ரிட்ஜ் மோட்டார் 'டக்'கென்று நின்றால் தூக்கிவாரிப் போடும். மிக்ஸி நின்றால் உள்ளங்கை வேர்க்கும். முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள் என்றார் டாக்டர். எனக்கு மூன்று வாரத்தில் அடங்கியது. யாரிடமாவது வாய்விட்டுச் சொன்ன நாட்களில் தூக்கம் வந்தது.

மகளிடம் மறைக்கவில்லை. "அப்பா பிளேன் வயல்ல இறங்கி மூக்கை ஒடச்சுக்கிச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். "மருந்து போட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்வி

அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். அப்புறம் சண்டையும் போட்டாள். "இனிமே அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள்.

சொன்னால் கேட்டிருப்பார், அது எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்லத் தயங்கினேன். ஆறு வருஷம் அவர் தோள் வலிக்கக் கட்டியது. அந்த நாலு நிமிஷத்தில் எங்கள் உயிரைக் காப்பாற்றியதும் அவருடைய பழக்கமும் நிதானமும்தான். பல நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விமானத்தைப் பழுது பார்க்கலாம்; காற்றுக் குழாயின் வாய்க்குக் கொசுவலை போல மெல்லிய கம்பிவலை, கூடவே தனியாக இன்னொரு காற்றுக் குழாய். ஆனால் மகள் வளர்ந்து ஆளாகும் வரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவதில்லை.

"அப்ப அவர் மட்டும் போனா பரவாயில்லையா?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் பறக்கப் போகிற காலைகளில் போன் மணி அடிக்கும் வரை அடுப்படியில் எதையாவது துலக்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

இன்னும் இரண்டு காரியம் செய்தோம். எங்களுக்கு ஏதாவது ஆனால் மகளை வளர்க்கப் போவது என் அக்கா என்று வக்கீலை வைத்து எழுதி வைத்தோம். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்துகளை வரி வரியாகப் படித்தோம். சொந்த விமானத்தில் பறக்கும்போது நேரும் மரணத்துக்குப் பணம் இல்லை என்று பல பத்திரங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டில் விமானம் இல்லாவிட்டாலும், பத்திரத்தில் எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

சிறு விமானத்தில் ஏற நேர்ந்தால்

சுற்றுலாத் தலங்களில் குட்டி விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு வாய்ப்பு வந்தால்:

• ஏறுவதற்கு முன் கதவை நீங்களே ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். பெல்ட்டை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள்.

• துப்பட்டா, புடவைத் தலைப்பு, நீண்ட பின்னல் இவற்றை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறி ஓடும்போது பக்கத்தில் போகவே கூடாது. நின்றுவிட்ட விசிறியையும் தொடக் கூடாது.

• கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

• இறங்கியதும் விமானத்தின் பின்பக்கமாகவே விலகி நடங்கள்.

ஒரு நாளும் விமானத்தில் ஏறப் போவதில்லை என்கிறீர்களா? சரி, குக்கர் இல்லாத வீடு உண்டா? நாளைக் காலை பருப்பு வைக்கும்போது குக்கர் மூடியைத் தூக்கி, வெய்ட் போடும் குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பருப்புத் தோல் அடைத்திருந்தாலும் போதும், ஆவி போக வழி இருக்காது. தெரியாவிட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மூடுங்கள். அரை விநாடி வேலைதான்.